காரில் ஏறும் தொலைநோக்கி எது?

‘525 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்!’ கடைகளில் விற்கும் சிறு தொலைநோக்கிகளின் அட்டைப் பெட்டிமேல் இப்படி ஒரு வாசகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் வளையங்களோடு கூடிய சனிக்கோளின் வண்ணப்படம் ஒன்று இருக்கும். விலையும் கைக்கு எட்டுவதாகவே தோன்றும். வாங்கலாமா?

நகரத்து வானில் விளக்கொளி ஏறிவிட்டது. விண்மீன்களை நன்றாகப் பார்க்க விரும்புவோர் அமாவாசையை ஒட்டிய இரவுகளில் காரில் கிளம்பி, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இருண்ட இடங்களைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அப்படிப் போகும் ஒரு குடும்பமோ மாணவர் குழுவோ எந்தத் தொலைநோக்கியை வாங்கிக்கொள்வது நல்லது? சந்தையில் கிடைக்கும் வகைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விலைகளை இங்கே எழுதவில்லை. அவை மாதத்துக்கு மாதம் மாறுவன. ஒளியியல் விதிகள் மாறுவதில்லை.

525 எங்கிருந்து வந்தது?

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு இது எளிய கணக்கு. பொருளருகு லென்ஸின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். மேலே சொன்ன கருவியில் பொருளருகு லென்ஸின் விட்டம் 60 மி.மீ., குவியத் தூரம் 700 மி.மீ. கூடவே 4 மி.மீ. குவியத் தூரமுள்ள கண்ணருகு லென்ஸ் ஒன்று தருகிறார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. உருவை மேலும் மூன்று மடங்காக்கும் ‘பார்லோ’ லென்ஸையும் இடையில் செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கினால் பயனும் இல்லை.

ஏன்? தொலைநோக்கி காட்டக்கூடிய நுண்மைக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தீர்மானிப்பது பொருளருகு லென்ஸின் விட்டம். ஒளி அலைத்தன்மை உடையதாகையால் ஒரு விண்மீனின் பிம்பம் புள்ளியாக அமையாமல் சிறு வட்டமாகவே அமைகிறது. 60 மி.மீ. லென்ஸால் ஏறத்தாழ 2 விகலை இடைவெளியுள்ள இரு விண்மீன்களை மட்டுமே பிரித்துக் காட்ட முடியும். இதைவிட நெருங்கிய விவரங்களை எத்தனை மடங்கு பெருக்கினாலும், செய்தித்தாளில் அச்சான படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது போலத்தான் இருக்கும். புள்ளிகள் பெரிதாகும், புதிய விவரம் ஒன்றும் வராது.

விட்டத்தை மி.மீ.-இல் அளந்து இரண்டால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணே பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேல் எல்லை என்பது நடைமுறை விதி. 60 மி.மீ. லென்ஸுக்கு அது 120. அதைத் தாண்டி 525-க்குப் போனால் பிம்பத்தின் ஒளிர்வு 19-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பார்வைப் புலமோ முழுநிலவின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான். பூமி சுழல்வதால் சுமார் 18 விநாடிகளில் சனிக்கோள் அந்தச் சிறு வட்டத்தைக் கடந்து ஓடிவிடும். மெல்லிய அலுமினிய முக்காலி அதற்குள் ஆடி அடங்கியிருக்கக்கூட மாட்டாது.

1610-ஆம் ஆண்டு ஜனவரியில் கலீலியோ வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கு பெரிதாக்கிய கருவியால்தான். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள்? 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று. அதன் ஆடியின் விட்டம் அது. ‘இத்தனை மடங்கு’ என்று எந்த வானியலாரும் தம் கருவியை அளப்பதில்லை. பெட்டியின்மேல் மடங்கு பெரிதாகவும் விட்டம் சிறிதாகவும் அச்சிட்டிருந்தால், விற்பவருக்கு வானியல் தெரியவில்லை, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்று அவர் எண்ணுகிறார்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. விட்டம் எவ்வளவு? பீடம் உறுதியானதா? மனிதர்கள் ஏறிய பிறகும் காரில் அதற்கு இடம் இருக்குமா? இந்த மூன்றையும் வைத்து ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

60 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி

உண்மையில் இதன் லென்ஸ் பெரும்பாலும் மோசமானதல்ல. 28 முதல் 70 மடங்கு வரை பயன்படுத்தினால் நிலவின் பள்ளங்களும், வியாழனின் நிலாக்களும், சனியின் வளையமும் தெரியும். குறை முக்காலியில் இருக்கிறது. தொட்டால் நடுங்கும், காற்றடித்தால் நடுங்கும், விண்மீனை நோக்கித் திருகை இறுக்கினால் விண்மீன் விலகும். இருண்ட மலைக்குப் போய் மங்கலான ஒண்முகில்களைத் தேடுவதற்கு 60 மி.மீ. போதவும் போதாது.

114 மி.மீ., 1000 மி.மீ. ‘குட்டைக் குழாய்’

இதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 114 மி.மீ. ஆடி என்றதும் ஆசை வரும். குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும்; குழாயோ அதில் பாதி நீளம்தான் இருக்கும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் குழாயின் நீளம் ஏறத்தாழக் குவியத் தூரம் அளவு இருக்கவேண்டுமே, எப்படிக் குறைந்தது? பரவளைய ஆடிக்குப் பதிலாக மலிவான கோள ஆடியை வைத்து, கண்ணருகு லென்ஸ் செருகும் குழலுக்குள் நிலையான திருத்து லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, குவியத் தூரத்தை நீட்டியிருக்கிறார்கள். இந்த அமைப்பைத் துல்லியமாகச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். மலிவுக் கருவிகளில் அந்தத் துல்லியம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆடிகளை நேர்ப்படுத்தும் வேலையும், இடையில் லென்ஸ் இருப்பதால், புதியவருக்குத் தலைவலியாகிவிடும். காரில் மலைப்பாதையில் குலுங்கிப் போகும் கருவிக்கு இது பெருங்குறை. குவியத் தூரத்தையும் குழாயின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வகையைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

துருவ அச்சுப் பீடம்

‘விண்மீன்களைத் தொடர்ந்து செல்லும் பீடம்’ என்று எதிர் எடையோடு கூடிய பீடத்தைப் புகழ்வார்கள். அதன் ஓர் அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சாய்க்கவேண்டும். துருவ விண்மீனின் உயரம் ஓர் இடத்தின் அட்சரேகைக்கு ஏறக்குறையச் சமம். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி. அடிவானத்துப் புகையிலும் மரங்களின் பின்னாலும் அது பெரும்பாலும் மறைந்தே இருக்கும். அச்சை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு. 40, 50 டிகிரி அட்சரேகைகளில் வசதியாக இருப்பது நமக்கும் வசதியாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒளிப்படம் எடுக்கும் நோக்கம் இல்லாத தொடக்கநிலையாளர் இதை விட்டுவிடலாம்.

90 மி.மீ. மக்சுதோவ்

ஓரடி நீளக் குழாய், பைக்குள் அடங்கும். ஒளி உள்ளேயே மடங்கி ஓடுவதால் சிறிய குழாயில் 1250 மி.மீ. குவியத் தூரம் கிடைக்கிறது. நிலவும் கோள்களும் கூர்மையாகத் தெரியும். நகரத்து மொட்டைமாடிக்கு நல்ல கருவி இது. ஆனால் 25 மி.மீ. லென்ஸிலேயே 50 மடங்கு வந்துவிடுவதால் பார்வைப் புலம் ஒரு டிகிரிதான். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் அதற்குள் அடங்காது. இரவுப் பனி முன்கண்ணாடியில் படியும். கணிப்பொறி இயக்கும் பீடத்தோடு வாங்கினால் வானில் பொருள்களைத் தானே தேடிக் காட்டும். ஆனால் விலையில் பெரும்பங்கு மோட்டாருக்கும் மின்னணுவுக்கும் போகிறது. மலைமேல் மின்கலம் தீர்ந்தால் கதை முடிந்தது.

150 மி.மீ. டாப்சன்

இவ்வகையின் வரலாறு சுவையானது. ஜான் டாப்சன் 1915-இல் பீக்கிங்கில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோ நகரில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944-இல் சேர்ந்து, 1967 வரை துறவியாக இருந்தார். கையில் காசில்லாத அவர், கழித்துவிடப்பட்ட கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகைப் பெட்டியும் கொண்டு பெரிய தொலைநோக்கிகளை உருவாக்கினார். 1968-இல் நண்பர்களோடு ‘நடைபாதை வானியலார்’ என்னும் அமைப்பைத் தொடங்கி, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானைக் காட்டினார். 2014-இல் மறையும்வரை இதுவே அவர் பணி. மேலும் கீழும், இடமும் வலமும் வழுக்கிச் சுழலும் அந்த எளிய பெட்டிப் பீடமே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அதில் பணம் ஆடிக்குப் போகிறது, அலங்காரத்துக்குப் போவதில்லை.

150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம் உள்ள டாப்சன் பார்ப்பதற்கு அருமையான கருவி. ஆனால் குழாய் ஏறக்குறைய நான்கு அடி. பின் இருக்கையில் குறுக்கே கிடத்தினால் அங்கு யாரும் உட்கார முடியாது. இரண்டே பேர் போவதானால் இதை வாங்குங்கள். நான்கு பேர் போகும் குடும்பத்துக்கு இது சரிவராது.

130 மி.மீ. மேசை டாப்சன்

என் தேர்வு இதுவே. விட்டம் 130 மி.மீ., குவியத் தூரம் 650 மி.மீ., பரவளைய ஆடி. எடை ஆறேழு கிலோ. குழாயைச் சுருக்கி வைக்கும் அமைப்பும் கிடைக்கிறது; காரில் காலடியிலேயே வைத்துவிடலாம். ஆடிகள் விழுங்கும் ஒளியைக் கழித்தாலும் 60 மி.மீ. லென்ஸைவிட மூன்று மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். 25 மி.மீ. லென்ஸோடு 26 மடங்கும், ஏறக்குறைய இரண்டு டிகிரி புலமும் கிடைக்கும். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் அடங்கிவிடும். 10 மி.மீ. லென்ஸோடு 65 மடங்கு. அதில் ஓரியன் ஒண்முகிலின் நடுவிலுள்ள நான்கு விண்மீன்களைத் தனித்தனியே காணலாம். 2025-இல் விளிம்புவாட்டமாகத் திரும்பி மெல்லிய கோடாகத் தெரிந்த சனியின் வளையம் ஆண்டுதோறும் விரிந்து வருவதையும் பார்க்கலாம்.

நம் தென்வானத்துக்கு இது மிகவும் ஏற்றது. மே மாத முன்னிரவில் ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் ‘ஒமேகா சென்டாரி’ என்னும் மாபெரும் விண்மீன் திரள் தெற்கே சுமார் 30 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டன்வாசிகளுக்கு அது உதிப்பதே இல்லை. இக்கருவியில் அது தூசு தூவியது போல விண்மீன்களாகச் சிதறித் தெரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. இதற்கு உறுதியான மேசையோ மர முக்காலியோ வேண்டும். அதையும் காரில் ஏற்றவேண்டும். சுருங்கும் வகையில் குழாயின் நடுப்பகுதி திறந்திருப்பதால் பக்கத்து விளக்கொளி உள்ளே புகும். கறுப்பு அட்டையைச் சுற்றி மறைத்துக்கொள்ளலாம். கூட வரும் கண்ணருகு லென்ஸ்கள் சாதாரணமானவை. பயணத்தின் குலுக்கலில் ஆடிகள் சற்று விலகலாம்; நேர்ப்படுத்தும் திருகுகளைக் கையாளக் கற்றுக்கொள்ளவேண்டும். இதில் இடையில் திருத்து லென்ஸ் இல்லாததால் அது கடினமல்ல.

மலைக்குப் போனதும்

காரின் முன்மூடிமேல் தொலைநோக்கியை வைக்காதீர்கள். எஞ்சின் சூடு பிம்பத்தைக் கானல்போல் அலைக்கும். கார் வில்களும் ஆடும். மூடிய காரில் வெந்துகிடந்த ஆடி, மலைக்காற்றுக்குச் சமமாகக் குளிர அரை மணி நேரம் கொடுங்கள். உங்கள் கண்ணும் இருளுக்குப் பழக அதே நேரம் ஆகும். அதுவரை முன்விளக்கை யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தியை மட்டும் மறக்கவே கூடாது. சில மலிவுப் பெட்டிகளில் ‘சூரிய வடிகட்டி’ என்று கண்ணருகு லென்ஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கும். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்தால் நொடியில் பார்வை போய்விடும். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்க்க, குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் தரமான வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது.

130 மி.மீ. கருவிக்குப் பணம் போதாதவர்கள் 60 மி.மீ.-க்கு இறங்கவேண்டியதில்லை. 10 மடங்கு பெருக்கும், 50 மி.மீ. லென்ஸ் கொண்ட பைனாகுலர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கார்த்திகையும், ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலமும், தனுசு ராசியின் ஒண்முகில்களும் அதிலேயே தெரியும். பின்னாளில் தொலைநோக்கி வாங்கினாலும் பைனாகுலர் பயன்படாமல் போகாது.

பெட்டியை நம்பி வாங்கிய கருவியில், நடுங்கும் மங்கல் வட்டம் ஒன்றைப் பார்த்த மாணவன் கருவியைக் குறைசொல்வதில்லை. வானியல் தனக்கு வராது என்று முடிவு கட்டுகிறான். கருவி பரணுக்குப் போகிறது. பெற்றோரின் சேமிப்பும் அதோடு போகிறது. கடைக்குப் போகுமுன் விட்டம், குவியத் தூரம், குழாயின் நீளம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கணக்குப் போடுங்கள். பீடத்தை விரலால் தட்டி, எத்தனை விநாடியில் நடுக்கம் நிற்கிறது என்று எண்ணுங்கள். அதன் பிறகு பணத்தை எடுங்கள்.