முனையில் கிடைக்கும் விடை

லெனின்கிராடு ஒட்டுப்பலகைத் தொழிலில், வெவ்வேறு திறனுள்ள எந்திரங்களுக்கு மர வகைகளை எவ்வாறு பங்கிட்டால் உற்பத்தி உச்சத்தை எட்டும் என்ற கேள்விக்கு விடை தேடிய கணிதவியலாளர் லியோனிட் கான்டரோவிச், 1939இல் வெளியிட்ட முறையே நேரியல் திட்டமிடலின் முன்னோடியாகும். இத்திட்டமிடலில் எந்திர நேரம், மூலப்பொருள், ஆள்பலம் ஆகியவற்றின் எல்லைகள் ‘கட்டுப்பாடுகள்’ எனவும், பெருக்க வேண்டிய இலாபம் ‘குறிக்கோள் சார்பு’ எனவும் கணித வடிவம் பெறுகின்றன. தயாரிக்கும் பொருள்கள் இரண்டே எனில், கட்டுப்பாடுகளை நேர்கோடுகளாக வரைய, அவை சூழ்ந்த பகுதி இயலக்கூடிய திட்டங்கள் அனைத்தையும் அடக்கிக்கொள்கிறது.

அப்பகுதியில் எண்ணற்ற புள்ளிகள் இருந்தும், சிறந்த விடை அதன் முனைகளுள் ஒன்றில் கிடைத்துவிடும் என்பதே இம்முறையின் அழகு. 1947இல் ஜார்ஜ் டான்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை, ஒரு முனையிலிருந்து இலாபம் குறையாத அடுத்த முனைக்கு விளிம்பு வழியே நகர்ந்து உச்சத்தை அடைகிறது. அத்துடன், ஒரு மணி எந்திர நேரம் கூடுதலாகக் கிடைத்தால் இலாபம் எவ்வளவு உயரும் என்பதை ‘நிழல் விலை’ என்ற பெயரில் அது சொல்லிவிடுகிறது. முழுமையாகப் பயன்படாமல் மிஞ்சும் வளத்தின் நிழல் விலை சுழியமாகும். எதை வாங்குவது என்பதோடு, எதை வாங்கத் தேவையில்லை என்பதையும் உணர்த்துவதே இக்கணக்கின் தனிச்சிறப்பு.