டிரெய்லர் டயருக்கு எவ்வளவு காற்று?

பெட்ரோல் நிலையத்தில் 230 கிலோபாஸ்கல் என்று அமைத்து, காரின் நான்கு டயருக்கும் காற்றடித்த கையோடு, பின்னால் கட்டியிருக்கும் முகாம் டிரெய்லருக்கும் அதையே அடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. வேலை சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர இந்தப் பழக்கத்தில் நன்மை எதுவும் இல்லை. கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு, காரின் எடைக்கும் காரின் டயருக்கும் கணக்கிட்டது.

டிரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்டி 205/75 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். இதன் ‘சி’ வகை, 345 கிலோபாஸ்கலில் 798 கிலோ தாங்கும். அதே டயரில் 240 அளவுக்குக் காற்றிருந்தால் தாங்குவது சுமார் 650 கிலோதான். சுமை அதற்கு மேல் போனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். உச்சி வெயிலில் மலாக்காவின் அலோர் காஜா–ஜாசின் நெடுஞ்சாலையில் ஓடும்போது தாரின் சூடும் சேர்ந்துகொள்ளும். சூடு ஏற ஏற உள்ளடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும்.

டயர்க் கடைகளில் கேட்கும் யோசனை இதற்கு நேர்மாறு: பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்கு, கல்லு மாதிரி அடித்துவிடு. என் கணிப்பில் இது முன்னதைவிடப் பல மடங்கு நல்லது. கார் டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங்கிலேயே தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லரில் இறங்கினால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே தவறினால் கூடுதல் பக்கம் தவறுவதே மேல். ஆனால் பாதி காலியான டிரெய்லருக்கும் உச்ச அளவு என்றால், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், டிரெய்லர் குதிக்கும், உள்ளே அடுப்பும் தட்டுமுட்டுச் சாமான்களும் உருண்டு உடையும், ஈரச் சாலையில் பிடிமானமும் குறையும்.

சரியான வழி எடை பார்ப்பது. செம்பனை ஆலைகளில் குலை லாரியை நிறுத்தும் எடைமேடையை நம் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். அனுமதி கிடைத்தால், தண்ணீர், எரிவாயு, கூடாரம் எல்லாம் ஏற்றிய பின், கார் மேடைக்கு வெளியே நிற்க டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்த வேண்டும். கிடைத்த எடையைச் சக்கர எண்ணிக்கையால் வகுத்து, தயாரிப்பாளரின் சுமை அட்டவணையில் அளவைப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் கனக்கும். அதற்கும் சேர்த்துச் சற்றுக் கூட்ட வேண்டும். அளப்பது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது.

காற்றைக் குறைப்பது உதவும் இடமும் உண்டு. செம்பனைத் தோட்டச் சேற்றில் குலை இழுக்கும் டிராக்டர் டயரில் காற்றைக் குறைத்தால் அது அகலப் பதிந்து, மண்ணில் புதையாமல் போகும். தஞ்சோங் பிடாரா கடற்கரை மணலிலும் இந்த வித்தை பலிக்கும். ஆனால் மெதுவாக, குறைந்த தூரத்துக்கு மட்டும். அதே காற்றோடு தார்ச்சாலையில் ஏறி வேகமெடுப்பது பெட்ரோல் நிலையத்துப் பழக்கத்தைவிட ஆபத்து. திரும்பக் காற்றடிக்க, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு கம்ப்ரெசர் இல்லாதவர்கள் மணலில் இறங்காமல், கெட்டித் தரையிலேயே கூடாரம் போடுவது நல்லது.