பாடிக்கொண்டே வரும் ராஜபார்ட்

தமிழ் சினிமாவில் கதாநாயகனின் முகம் தெரிவதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடும். தியேட்டரில் விசில் பறக்கும். இதைச் சினிமாவின் கண்டுபிடிப்பு என்றே பலரும் பேசுகிறோம். ஆனால் அதற்கு முன்பே நாடக மேடையில், கதாநாயக வேடம் கட்டும் ராஜபார்ட் நடிகர் திரைக்குப் பின்னால் நின்றபடியே பாட்டை எடுப்பார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் மேடைக்கு வருவார். விசிலுக்கு வயது நூறுக்கு மேல்.

அந்த மேடைக்கு வரம்பு கட்டிக் கொடுத்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அடங்கியிருப்பது நம் உழவர்கரையில், கருவடிக்குப்பத்தில். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், புதுச்சேரியில் 1922 நவம்பர் 13ஆம் தேதி காலமானார். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் இங்கே கூடி அவரை வணங்குகிறார்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான்.

அவர் எழுத்தின் அருமையை அறிய 'வள்ளி திருமணம்' ஒன்று போதும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக இன்றும் விடிய விடிய நடக்கிறது. முருகனாக நடிப்பவர் ஓர் ஊர், வள்ளி இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் கதை இம்மியும் பிசகாது. பாட்டும் காட்சி வரிசையும் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் விட்ட இடம் நடிகருடைய சொந்த நிலம்.

தினைப்புனக் காட்சியைக் கவனியுங்கள். வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள். வேடனாக வரும் முருகன் வம்புக்கு இழுக்கிறான். தர்க்கம் பிடித்துக்கொள்கிறது. அவன் ஒரு கேள்வியைப் பாட்டில் போட, அவள் அதே மெட்டில் திருப்பி அடிக்கிறாள். எதிராளி என்ன பாடுவார் என்று அவளுக்கே தெரியாது. பதில் யோசிக்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம் வேண்டும். அதை அறிந்த ஆர்மோனியக்காரர் கடைசி அடியைத் தானே ஒருமுறை வாங்கிப் பாடுகிறார். அவர் முடிப்பதற்குள் பதில் வந்து விழுகிறது. முன்வரிசைப் பாட்டி 'அப்படிச் சொல்லுடி!' என்கிறாள். எழுதியவர், பாடுபவர், வாசிப்பவர், கேட்பவர் நால்வரும் சேர்ந்து ஆக்கும் கலை இது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் சுருதி சுத்தமாகப் பாடும் பிள்ளைகளை ரசிக்கிறேன். எந்தப் பாத்திரம், யாரிடம், எதற்காகப் பாடுகிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அந்த மேடைகள் இன்னும் உயிர்பெறும்.

சுவாமிகளே முதலில் நடிகர். எமன், இரணியன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்களில் பெயர் வாங்கியவர். நடிகருக்கு எங்கே மூச்சு வாங்கும், எங்கே கைத்தட்டல் விழும் என்று தெரிந்து எழுதினார். சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் சொல்லியிருக்கிறார். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரலை ஓடவிட்ட எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவருடைய மாணவரே.

அங்கிருந்து சினிமாவுக்கு நேர்வழி. தியாகராஜ பாகவதரின் முதல் படம் 'பவளக்கொடி' (1934), மேடையில் ஓடிய நாடகம்தான். டி.கே. சண்முகத்தின் டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் சிறுவனாக நடித்து வளர்ந்தவர் ஏ.பி. நாகராஜன். அவர் எடுத்த 'திருவிளையாடல்' (1965) படத்தில் தருமிக்கும் சிவனுக்கும் நடக்கும் கேள்வி பதிலைப் பாருங்கள். நாகேஷும் சிவாஜியும் ஒருவர் சொல்லை ஒருவர் தரையில் விழாமல் பிடிக்கும் வேகம் அசல் தர்க்கக் காட்சியின் வேகம். அதே சண்முகத்திடம் நாடகம் பயின்றவர் கமல்ஹாசன்.

படத்தில் எதற்கு இத்தனை பாட்டு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கதையை நிறுத்திவிட்டு வரும் பாட்டுக்கு அந்தச் சலிப்பு தகும். கதையைத் தானே சுமந்து நடக்கும் பாட்டு நம் மரபின் சொத்து. இந்தப் பொங்கலுக்கோ பங்குனிக்கோ தெற்கே போனால் ஓர் இரவு முழுக்க 'வள்ளி திருமணம்' பாருங்கள். அடுத்து எந்தப் படம் பார்த்தாலும், பாட்டு காட்சியைத் தூக்குகிறதா, காட்சி பாட்டைத் தூக்குகிறதா என்று உங்கள் காதே சொல்லிவிடும்.