55 லட்சம் டன்: ஒரு பெருக்கல் கணக்கு

ஆய்வகங்களைப் பசுமையாக்குவது பற்றிப் படிக்கப் போனால் இந்த எண் கட்டாயம் வந்துவிடும்: உலக ஆய்வகங்கள் வருடத்துக்கு 55 லட்சம் டன் பிளாஸ்டிக் குப்பை போடுகின்றன. எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2015-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு சின்னக் கடிதம். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக உயிரியல் துறையில் 280 ஆய்வாளர்கள். 2014-ல் அவர்கள் போட்டது சுமார் 267 டன். அதை உலகிலுள்ள ஏறத்தாழ 20,500 நிறுவனங்களால் பெருக்கிவிட்டார்கள். அவ்வளவுதான்!

எல்லா இடமும் எக்சிட்டர் மாதிரியா? நான் எம்.எஸ்சி. படித்த லேபில் கண்ணாடிப் பிப்பெட்டைக் கழுவிக் கழுவித்தான் எடுப்போம். பிளாஸ்டிக் டிப்பைக்கூட ஆட்டோகிளேவ் பண்ணி மறுபடி போடுவோம். பசுமைக்காக இல்லை, காசில்லாமல்.

எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தங்கள் துறையின் குப்பையைக் கணக்கெடுக்கத் தோன்றியதே பெரிய விஷயம். 267 டன்னை 280-ஆல் வகுத்துப் பாருங்க: ஆளுக்கு வருடம் 950 கிலோ! என்னை உறுத்துவது இந்த எண்தான். நான் படித்த கட்டுரைகளில் இது வரவே இல்லை. அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய ஒவ்வொரு துறையும் ஒரு வாரம் தன் குப்பைக்கூடையை எடை போட்டிருந்தால் பெருக்கலே தேவைப்பட்டிருக்காது. லேபில் தராசுக்கா பஞ்சம்?