டின் பான் ஆலி: பாட்டு வணிகத்தின் நிறையும் குறையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் வீடுதோறும் பாடிய பாட்டுகள் பலவும் நியூயார்க்கின் மேற்கு 28ஆம் தெருவிலிருந்து வந்தவை. பாட்டுப் பதிப்பகங்கள் நெருக்கமாக அமைந்த அத்தெருவை ‘டின் பான் ஆலி’ என்றனர். வானொலி பரவாத அக்காலத்தில், சுரக்குறிப்பு அச்சிட்ட இசைத்தாள்களே முதன்மையான விற்பனைப் பொருள். அவற்றை விற்கப் பியானோ கலைஞர்கள் அமர்த்தப்பட்டனர். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1914இல், தம் 15ஆம் வயதில், வாரம் 15 டாலர் சம்பளத்துக்கு ரெமிக் பதிப்பகத்தில் அந்த வேலையில் சேர்ந்தார். மேடைப் பாடகர்களுக்குப் புதுப் பாட்டுகளை வாசித்துக் காட்டுவதே அவர் பணி.

இப்பாட்டு வணிகத்தின் முதல் நிறை, எளிமை. பயிற்சி இல்லாதவரும் ஒருமுறை கேட்டுப் பாடும்படி மெட்டுகள் அமைந்தன. 1908இல் வெளிவந்த ‘டேக் மீ அவுட் டு தி பால் கேம்’ பேஸ்பால் மைதானங்களில் இன்றும் கூட்டத்தோடு பாடப்படுகிறது. இரண்டாவது நிறை, குடியேறியவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் வந்த இர்விங் பெர்லினுக்குச் சுரக்குறிப்பு எழுதத் தெரியாது; அவர் அமைத்த மெட்டுகளைப் பிறர் எழுதிக்கொடுத்தனர். அவருடைய ‘அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்’ 1911இல் நாடெங்கும் ஒலித்தது. மூன்றாவது நிறை, படைப்பாளர் உரிமை. 1914இல் பாட்டுப் படைப்பாளர்கள், பதிப்பாளர்களின் உரிமையைக் காக்கும் ‘ஆஸ்காப்’ சங்கம் உருவானது. உணவகத்தில் பாட்டு இசைத்தாலும் உரிமைத்தொகை தரவேண்டும் என்று 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்பனையே அளவுகோலானதால் குறைகளும் விளைந்தன. ஒரு பாட்டு வெற்றி பெற்றதும் அதே அச்சில் பல பாட்டுகள் குவிந்தன. கொள்கைப் பிடிப்பும் இருக்கவில்லை: மகனைப் போருக்கு அனுப்ப மறுக்கும் தாயின் பாட்டு 1915இல் விற்றது, இரண்டே ஆண்டில் ‘ஓவர் தேர்’ என்னும் போர்முழக்கம் விற்றது.

இவற்றினும் கொடியது இன இழிவு. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பாட்டுகள், அவர்களைக் கோரமாகத் தீட்டிய அட்டைப்படங்களுடன் வீட்டுப் பியானோக்களில் இடம்பிடித்தன; பிள்ளைகளும் அவற்றைப் பார்த்தே வளர்ந்தனர். அதே வணிகம் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய ராக்டைம், புளூஸ் இசையால்தான் செழித்தது. கறுப்பின இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தம் ‘மெம்ஃபிஸ் புளூஸ்’ உரிமையை 1912இல் வெறும் 50 டாலருக்கு விற்றார். அதன் பெரும் வருவாய் பிறருக்குப் போயிற்று.

இப்படி ஊதியம் மறுப்பது அக்கால வழக்கம் என்று சமாதானம் சொல்ல இயலாது. 1899இலேயே மிசௌரி மாநிலத்தில் கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் தம் ‘மேப்பிள் லீஃப் ராக்’ இசைக்குப் படி ஒன்றுக்கு ஒரு சென்ட் பெறும் ஒப்பந்தம் செய்திருந்தார். நேர்மையான ஒப்பந்தம் அன்றும் நடைமுறைக்கு ஒத்ததே. எனவே, பாட்டை எளிய மக்களுக்கு உரியதாக்கிய பெருமையும், அதைப் படைத்த ஒரு சாராரை இழிவுபடுத்தி அவர்களுக்குரிய ஊதியத்தை மறுத்த பழியும் இவ்வணிகத்துக்கு ஒருங்கே உரியவை.