சாறன் விலையும் பைதன் மொழியும்

மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பையன் ஒருவன், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவன், மடிகணினியோடு வந்தான். "இஞ்ச பாருங்க சேர், கணக்கு மாறி வருது." ஒரு சாறன் 1500 ரூபாய் என்றால் மூன்று சாறனுக்கு எவ்வளவு என்று பார்க்கும் சின்னஞ்சிறு பைதன் செய்நிரல் அது. திரையில் நின்ற விடை: 150015001500.

பைதன் எந்தப் பிழையும் காட்டவில்லை. விசைப்பலகையில் அடித்த 1500ஐ 'இன்புட்' கட்டளை எண்ணாக வாங்காது, எழுத்துச் சரமாகவே வாங்கும். பைதனில் எண், சரம், பட்டியல், சார்பு எல்லாமே பொருள்கள். பெருக்கல் குறிக்கு என்ன அர்த்தம் என்பதைப் பொருளின் வகைதான் தீர்மானிக்கிறது. எண்ணாக இருந்தால் பெருகும். சரமாக இருந்தால் மூன்று தரம் ஒட்டிக்கொள்ளும். அதே சரத்தோடு 3ஐக் கூட்டச் சொல்லியிருந்தால் உடனே மறுத்திருக்கும். ஆக, இது வகையைப் பாராத மொழி அல்ல. ஓடும்போது மட்டுமே பார்க்கும் மொழி. சாதாரண தரத்தில் படித்த பஸ்காலில் ஒவ்வொரு மாறியும் எண்ணா எழுத்தா என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது எரிச்சலூட்டும் சடங்கு. அது காவலும்கூட என்று இப்படியொரு நாளில்தான் தெரிகிறது.

கைடோ வான் ரொஸம் 1989 நத்தார் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய மொழி இது. 1991 பெப்ரவரியில் வெளியானது. அதற்கு முன் அவர் ஏபிசி என்ற கற்பித்தல் மொழியை உருவாக்கியவர்களோடு வேலை செய்தவர். வரிகளை உள்ளே தள்ளி எழுதியே கட்டமைப்பைக் காட்டும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். திரையில் அது அழகு, வாசிக்கத் தெளிவு. ஆனால் நம் பிள்ளைகள் பரீட்சையில் பேனாவால் தாளில் எழுதுகிறார்கள். ஒரு வரி சற்று இடப்பக்கம் நகர்ந்தால் அது லூப்புக்கு வெளியே போய்விடும், விடையும் மாறிவிடும். பஸ்காலின் தொடக்கச் சொல்லும் முடிவுச் சொல்லும் கையெழுத்துக்குப் பணிந்துபோகும், பைதன் பணியாது. கைப்பரீட்சைக்கு இது பொருந்தாத மொழி என்பதே என் கருத்து.

பைதனுக்குச் சொல்லப்படும் வேறு குறைகளில், வேகக் குறைவு மெய்தான். பள்ளிக்கூடக் கணக்குகளுக்கு அது பொருட்டல்ல. செய்நிரலில் எழுதும் 'கிளாஸ்' ஒன்றுக்குள் இருக்கும் தரவை வெளியிலுள்ள நிரல் தொடாமல் பூட்டி வைக்கவும் வழியில்லை, பெயருக்கு முன் ஒரு அடிக்கோடு போட்டு "தொடாதே" என்று சொல்லலாம், அவ்வளவே.

2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய செய்நிரல்கள் பல ஓடாமல் நின்றன. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல்தான் முடிந்தது. இடையில் பதினோரு வருட இழுபறி. இருந்தும் தமிழுக்கு அந்த உடைப்பு ஒரு கொடை. சரங்கள் யூனிகோட் ஆயின. 'விலை', 'எண்ணிக்கை' என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிந்தது. முத்து அண்ணாமலையின் 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழிக்கும் அடித்தளம் பைதன்தான்.

ஆனாலும் 'கல்முனை' எத்தனை எழுத்து என்று பைதனிடம் கேளுங்கள். 7 என்னும். நமக்கு க, ல், மு, னை என நான்கு. புள்ளியையும் உகரக் குறியையும் ஐகாரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் குறிகள் கழன்று வேறெங்கோ ஒட்டும். 'ஓப்பன் தமிழ்' நிரலகத்தைச் சேர்த்தால் நான்கு எழுத்தும் நான்காகவே வரும். இதை வகுப்பில் காட்டினால் குறியேற்றம் என்ற பாடம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

முதல் மொழியாகப் பைதனையே நான் இன்றும் சொல்வேன். பத்து வரியில் தன் வீட்டுக் கணக்கை ஓடவைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அதன் பிறகு பயம் இராது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இதைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பெறுமானத்தின் வகையைக் காட்டும் 'டைப்' கட்டளையை முதல் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள். அந்தப் பையனுக்கு அன்றுதான் அது தெரிய வந்தது. விலையை வாங்கும் வரியில் 'இன்ட்' என்று சேர்த்தான். 4500 வந்தது.