யப்பானிய அரக்குச் சீப்புகளும் சேகரிப்பாளர் நோக்கும்

அன்றாடப் பயன்பாட்டினின்றும் நீங்கிக் கண்ணாடிப் பேழையுட் புகும் பொருள் கலைப்பொருளாக உயர்வதாகக் கருதுகின்றோம். அவ்வாறு புகும்போது அது எதனை இழக்கின்றது என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. யப்பானியரின் பழைய அரக்குச் சீப்புகளைச் சேகரிக்கும் வழக்கம் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

'குஷி' எனப்படும் இச்சீப்புகள் எடோ காலத்திற் (1603–1868) சிறப்புற்றன. நெடுங்காலம் கூந்தலைத் தாழவிட்டிருந்த பெண்கள் அதனை உயர்த்தி முடியத் தொடங்கியபோது, வாரும் கருவி செருகும் அணியுமாயிற்று. கழுத்தணியும் காதணியும் பெருவழக்காகாத அச்சமூகத்திற் செல்வமும் இரசனையும் தலையிலேயே வெளிப்பட்டன.

மரம், ஆமையோடு, தந்தம் ஆகியவற்றாலான சீப்பின்மீது 'உருஷி' பல படைகளாகப் பூசப்படும். நமது மாத்தளைக் கைவினைஞர் கையாளும் அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது. உருஷியோ மரத்தைக் கீறிப் பெறும் பால். தோலிற் பட்டாற் கொப்புளிக்கச் செய்யும் இப்பால் ஈரலிப்பான காற்றிலேதான் செவ்வனே இறுகும். அது இறுகுமுன் பொற்றூளைத் தூவிச் சித்திரம் அமைத்தல் 'மகி-எ' எனப்படும்.

சேகரிப்பாளர் முதலில் தேடுவது ஒப்பத்தையே. ஓவியர் சகாய் ஹோயிற்சுவின் வரைவுகளை அரக்கில் வடித்த ஹரா யோயுசாய் போன்றோரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பின் விலை பன்மடங்காகும். ஆயின், ஒரு சீப்பின் பின்னால் மரப்பால் எடுத்தவன், பற்களை அறுத்தவன், அடிப்படைகளைப் பூசி மெருகிட்டவன் எனப் பலர் உளர். ஒப்பமிட்டவன் பெரும்பாலும் இறுதியிற் பொன் தூவியவனே. ஒப்பத்தை மாத்திரம் மதிக்கும் நோக்கு, கூட்டுழைப்பின் விளைவைத் தனிமனித மேதைமையாகக் காட்டிவிடுகின்றது.

அடுத்து நோக்கற்பாலது சித்திரத்தின் அமைப்பாகும். சிறந்த சீப்புகள் பலவற்றில் ஒரு பக்கத்திலே தொடங்கும் கொடியோ அலையோ முதுகு விளிம்பைக் கடந்து மறுபக்கத்திலே முடிவுறும். காண்போர் ஒரு பக்கத்தையே காண்பர். முழுமையை அறிபவள் அதனைக் கையிலெடுத்துச் செருகும் பெண்ணே. ஹொகுசாய் 1823 அளவிற் சீப்புகளுக்கும் புகைக்குழாய்களுக்குமென வரைவு நூலொன்று வெளியிட்டபோதும் கைவினைஞரின் தேவையையே கருதினார். பேழையில் ஒருபுறம் காட்டிக் கிடத்தப்படும் சீப்பு தட்டையான சிற்றோவியமாகக் குறுகிவிடுகின்றது.

பழுதற்ற சீப்பே விரும்பப்படுகின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பழுதற்றது பெரும்பாலும் அதிகம் அணியப்படாதது. பல் உடைந்து, பொன் தேய்ந்த சீப்பே ஒருத்தியின் வாழ்வைச் சுமந்தது, அதுவே ஒதுக்கப்படுகின்றது. 'கு' துன்பத்தையும் 'ஷி' மரணத்தையும் நினைவூட்டுதலாற் சீப்பைப் பரிசளிக்கத் தயங்கிய மக்கள், வீழ்ந்த சீப்பை எடுக்கவும் அஞ்சினர். அத்துணை நெருக்கமான உடைமையில் உடையவளின் பெயர் எஞ்சுவதில்லை.

இப்பொருள்களின் சமூகப் பொருளை ஆட்சியாளர் நன்கறிந்திருந்தனர். 1841–1843 காலத் தெம்போச் சீர்திருத்தங்கள் ஆடம்பரச் சீப்புகளையும் கொண்டையூசிகளையும் தடைசெய்தமை இதற்குச் சான்றாகும். நகர வணிகர் வீட்டுப் பெண்ணின் தலையில் மின்னிய பொன், பிறப்புவழித் தரவரிசைக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாகத் தோன்றியது. 'பூவேலைப்பாடு, நன்னிலை' என்று மட்டும் எழுதும் விவரச்சீட்டு இப்பூசலை மறைத்துவிடுகின்றது.

எனினும், சேகரிப்பாளரை முற்றாகக் குறைகூறல் நியாயமாகாது. 1885இல் மேலைநாட்டுப் பாணிக் கூந்தல் முடிப்பைப் பரப்பும் இயக்கம் தோன்றியபின் இச்சீப்புகளின் தேவை அருகியது. அவற்றைத் தேடித் திரட்டியோர் இலரேல், இன்று நாம் விவாதிப்பதற்குச் சீப்புகளே எஞ்சியிரா. தோக்கியோவைச் சார்ந்த ஓமே நகரிற் சீப்புக்கும் கொண்டையூசிக்குமெனத் தனியொரு நூதனசாலை எழுந்தமையும் அத்தகைய திரட்டலின் பயனேயாகும்.

ஆகவே, சேகரித்தல் தவறன்று. எதனைச் சேகரிக்கத்தக்கதெனக் கொள்கின்றோம் என்பதே வினா. ஒப்பமிடப்பட்ட பொற்சீப்பின் அருகே தேய்ந்த மரச்சீப்பும் வைக்கப்படல் வேண்டும். செய்தோர் பலரையும் அணிந்தவளையும் பற்றி அறியக்கூடியன அங்கே எழுதப்படல் வேண்டும். அப்பொழுதுதான் கலை வரலாறு பொருள்களின் வரலாறாக மட்டுமன்றி மனிதரின் வரலாறாகவும் அமையும்.